குமுளி ஏற்றத்துல கார் திணறுதா? 4 சிலிண்டர் எஞ்சினுக்கு 3 விஷயம் முக்கியம்!

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம், கூடலூர் வழியா லோயர் கேம்ப் வரை எந்த காரும் ஓடிடும். அதுக்கப்புறம் வர்ற குமுளி மலைப்பாதைதான் எஞ்சினுக்கு உண்மையான பரீட்சை. மாருதி பலேனோவையே எடுத்துக்குவோம்.

கியர்: இதன் 1,197 சிசி, 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் சக்தி சுமார் 90 பிஎஸ். ஆனால் 113 நியூட்டன் மீட்டர் இழுவிசை முழுசா கிடைப்பது 4,400 ஆர்பிஎம்-ல்தான். அதனால் வண்டி திணறினால் உடனே கியரைக் குறைங்க. சத்தம் கூடுறது பிரச்னை இல்லை. பெரிய கியரிலேயே இழுக்க விடுறதுதான் கெடுதல்.

ஆயில்: இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அடிக்கடி மாற்ற வேண்டாம். ஆனால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குது. 10,000 கி.மீ அல்லது ஓராண்டு, எது முதலில் வருதோ அப்போ சர்வீஸ் கட்டாயம். ‘வண்டி ஓடவே இல்லையே’னு தள்ளிப்போடாதீங்க.

கூலன்ட்: போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். ஏற்றத்தில் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா, ஓரமா நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. நல்லா ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.