ஜன்னல் மறைப்பு: சீலையா, தட்டியா, பிளைண்ட்ஸா?



லயக் காம்பராவில் இருந்தவரை ஜன்னல் மறைப்பைப் பற்றி நாம் பெரிதாக யோசித்ததில்லை. இருந்தது ஒரு சின்ன ஜன்னல், அதிலும் பலகைக் கதவு. இப்போது ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில் தனி வீடு கிடைத்துப் போனவர்கள் பலர். அந்த வீடுகளில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. "வெளியே போறவன் வாறவன் எல்லாம் உள்ளே பார்க்கிறான், என்ன போடலாம்?" என்று கேட்டு வருகிறார்கள். டவுனில் பிளைண்ட்ஸ் கடையைப் பார்த்துவிட்டு, கடன் வாங்கியாவது அதைப் போடவேண்டும் என்று நிற்பவர்களும் உண்டு.

என் தங்கை கலியாணம் செய்து போனது இறக்கக்கண்டிக்கு. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளியைத் தாண்டினால் வரும் கடற்கரை ஊர். போன ஏப்ரலில் அங்கே போயிருந்தேன். கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் பிளைண்ட்ஸ் போட்டிருந்தாள். இழுத்து மூடியிருந்தும் அறைக்குள் அடுப்பு மாதிரி சூடு. "காசு குடுத்துப் போட்டும் சூடு குறையலையே அண்ணே" என்றாள். அவளுடைய மாமியார் சிரித்துக்கொண்டு, "தம்பி, உது பார்க்கத்தான் வடிவு. யன்னலுக்கு வெளியில கிடுகுத் தட்டி ஒண்டு கட்டினாக் காணும்" என்றார்.

அந்த அம்மா சொன்னதுதான் சரி. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அதன் சூட்டில் பெரும்பங்கு அறைக்குள்ளேயே தங்கிவிடும். உள்ளே தொங்கும் மறைப்பு தானும் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடும். கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலைத் தடுத்தால் அது உள்ளே வராது. உள்ளேதான் போட முடியும் என்றால் கண்ணாடியைப் பார்க்கும் பக்கமாவது வெள்ளையாக இருக்கட்டும். வந்த வெயிலில் ஒரு பங்கு திரும்பிப் போகும்.

எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதையும் பார்க்கவேண்டும். மேற்கு ஜன்னல்தான் ஆக மோசம், பின்னேர வெயில் சாய்ந்து நேரே உள்ளே வரும். திருகோணமலைப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாயும். அதனால் அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலையும் சும்மா விட முடியாது. அதே காலத்தில்தான் கச்சான் காற்றும் காய்ந்து வீசும். தட்டி கிடுகாக இருக்கலாம், பனையோலையாக இருக்கலாம், மூங்கிலாகவும் இருக்கலாம். மேலே கட்டி, கீழ்ப்பக்கம் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கும்படி கம்பு கொடுத்தால் காற்று அடைபடாது. கடற்கரையில் இரும்புக் கம்பி, இரும்புக் கப்பி போடாதீர்கள், உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

நமது மலையில் கதை தலைகீழ். இங்கே வெயிலை மறைப்பதல்ல பிரச்சினை, குளிரும் ஈரமும்தான். இராத்திரிக்குத் தடித்த சீலை நல்லது, ஜன்னல் விளிம்புக்குக் கீழே அரை அடி தொங்கட்டும். ஆனால் விடிந்ததும் விலக்கி ஜன்னலைத் திறந்துவிடவேண்டும். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் மூடியபடியே விட்டுப் போகிறோம். ஈரச் சுவரோடு ஒட்டிய சீலையில் பூஞ்சணம் பிடித்து, இழுப்பு உள்ள பிள்ளைக்கு இன்னும் கூடுகிறது.

குசினி ஜன்னலுக்கு முழுச் சீலை வேண்டவே வேண்டாம். மறைப்பு வேண்டுமென்றால் கீழ்ப் பாதிக்கு மட்டும் போட்டு, மேல் பாதியைப் புகை போக விட்டுவிடுங்கள். அடுப்பு ஜன்னலுக்குக் கிட்ட இருந்தால் அதுவும் கூடாது. நைலெக்ஸ், பொலியெஸ்டர் துணி தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்த காம்பராவுக்குப் போக நேரமெடுக்காது. குப்பி விளக்கு, மெழுகுதிரி வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் சீலை ஆடக்கூடாது.

முக்கியமானது இனித்தான். தங்கை வீட்டில் நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய இரண்டரை வயதுச் சின்னவன் கதிரையில் ஏறி, பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கும் கயிற்று வளையத்துக்குள் தலையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். கதிரை சறுக்கியிருந்தால் என்ன ஆகும்? கழுத்து இறுகினால் பிள்ளையால் கத்த முடியாது. பக்கத்து அறையில் இருக்கிற தாய்க்கும் தெரியாது. அமெரிக்காவில் ஐந்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இப்படிச் சாவதாக அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு சொல்கிறது. 2018 கடைசியில் அங்கே வந்த தர விதி, கடையில் ஆயத்தமாக விற்கும் பிளைண்ட்ஸுக்குத் தொங்கும் கயிறு இருக்கக்கூடாது என்கிறது. நமது கடைகளில் கயிறு உள்ளதும் விற்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் கயிறில்லாததாகக் கேளுங்கள். ஏற்கெனவே இருந்தால், தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே இரண்டு ஆணி அடித்து, கயிறு முழுவதையும் அதில் சுற்றி வையுங்கள். கட்டில், வாங்கு, தொட்டில் எதையும் அந்த ஜன்னலுக்குக் கீழே போடாதீர்கள்.

இன்னொன்று, பங்களாவிலோ ஹோட்டலிலோ கழற்றிப் போட்ட பழைய பிளாஸ்டிக் பிளைண்ட்ஸ் சும்மா கிடைத்தாலும் வாங்காதீர்கள். 1996இல் அதே ஆணைக்குழு, சீனா, தாய்வான், மெக்சிகோ, இந்தோனேசியாவிலிருந்து வந்த சில வகைகளில் ஈயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தது. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் சிதைய, ஈயம் தூசியாக மேலே படியும். கையை வாயில் வைக்கும் பிள்ளையின் மூளைக்கு அது கேடு.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐந்தரை மீட்டர் பழைய நூல் சேலை ஒன்றை நாலரை அடி நீளத்தில் நாலு துண்டாக வெட்டுங்கள். மேலும் கீழும் மடித்துத் தைத்தால், மூன்றரை அடி உயர ஜன்னல் இரண்டுக்கு, ஜன்னலுக்கு இரண்டு துண்டு வீதம் போதும். சீலையின் மொத்த அகலம் ஜன்னலைப்போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் மடிப்பு விழும், மறைப்பும் கிடைக்கும். பிளைண்ட்ஸை ஜன்னல் சட்டத்துக்குள்ளே பொருத்துவதென்றால் அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்து, ஆகக் குறைந்த அளவையே கடையில் சொல்லுங்கள். நமது வீடுகளில் மூன்றும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

தங்கை அந்தப் பிளைண்ட்ஸைக் கழற்றிவிட்டாள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே இப்போது கிடுகுத் தட்டி, உள்ளே எங்கள் அம்மாவின் பச்சைச் சேலை. தட்டிக்கயிறு கட்டிய ஆணியை நான்தான் அடித்துக் கொடுத்தேன், சின்னவனுக்கு எட்டாத உயரத்தில்.