வண்டி ஏன் ஒரு பக்கம் வாங்குகிறது?

ஸ்டியரிங் மேல் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்கினால், 'சைடு வாங்குது' என்பார்கள் ஓட்டுநர்கள். அதைக் கேட்ட எவரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: அலைன்மென்ட் பாருங்கள். ஜீப், ஜிப்சி மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் அந்த வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை. 1985-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி ஜிப்சிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டான முழு ஆக்சில். அதைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். இந்த அமைப்பில் அலைன்மென்ட் கடைக்காரர் திருகி மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். அதாவது, முன்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. அது கெட்டால் டயரின் ஓரம் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். வண்டி ஒரு பக்கம் வாங்குவதற்கு அது காரணமாவது அபூர்வம்.

முதலில் சாலையைச் சந்தேகிக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி, ஓரத்தை நோக்கிச் சுமார் 2 சதவீதம் சரித்துப் போடுகிறார்கள். மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் இது 7 சென்டிமீட்டர் சரிவு. இடப்புறம் ஓட்டும் நம் வண்டி கொஞ்சம் இடப்பக்கம் சாய்வது இயற்கை. மட்டமான, ஆளில்லாத தளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகும் வாங்கினால்தான் அது வண்டியின் குறை.

அடுத்தது டயர். டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளந்து, இரு முன்சக்கரங்களிலும் ஒரே அளவு வையுங்கள். காற்று குறைந்த பக்கம் உருள மறுப்பதால் வண்டி அந்தப் பக்கம் போகும். காற்று சரியாக இருந்தும் வாங்குகிறதா? ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை மையத்திலிருந்து சற்று விலகிப் பதிந்திருந்தால், தரையில் படுக்கவைத்து உருட்டிய டம்ளர் வளைந்து ஓடுவது போல அந்த டயரும் ஒரு பக்கமாகவே உருளும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரு முன்சக்கரங்களையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். வண்டி வாங்கும் பக்கமும் மாறினால் குற்றவாளி டயர்தான். (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் சோதனை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.) ஒரு ஜாக்கியும் அரை மணி நேரமும் போதும், இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்தான் அதிகம்.

இதற்குப் பிறகு கேட்க வேண்டியது, எப்போது வாங்குகிறது என்பது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் வாங்கினால், வண்டி போவது நன்றாகப் பிடிக்கும் பிரேக்கின் பக்கம். அதாவது கோளாறு எதிர்ப்பக்கத்தில். வாங்கும் பக்கத்துச் சக்கரத்தையே கழற்றிப் பார்த்து, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பி மாட்டிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. பிரேக் மிதிக்காதபோதும் வாங்கினால் நிலைமை நேர்மாறு: வாங்கும் பக்கத்து பிரேக் காலிப்பர் இறுகி, சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் விடை கிடைத்துவிட்டது. காலிப்பரை மாற்றியும் தீரவில்லை என்றால் அதற்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வெளியே புதிதுபோல இருக்கும். உள்ளே வீங்கி அடைத்து, போன எண்ணெயைத் திரும்ப விடாது.

வளைவில் திரும்பி வந்த பிறகு, கடைசியாகத் திரும்பிய பக்கமே வாங்குகிறதா? இடது வளைவுக்குப் பின் இடது, வலது வளைவுக்குப் பின் வலது என்றால் அலைன்மென்ட்டை மறந்துவிடலாம். சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கோ, சக்கரத்தைத் திருப்பும் டை ராட்டின் முனையோ கிரீஸ் வற்றி இறுகியிருக்கிறது. சக்கரம் தானாக நேருக்குத் திரும்ப முடியவில்லை. சேற்றிலும் ஆற்றிலும் இறங்கும் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கே உரிய இன்னொரு நோய், சென்டர் போல்ட் உடைவது. பட்டைகளைக் கோத்து, ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துவது அந்தச் சிறிய போல்ட்தான். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட்டும் உடைந்தால் ஆக்சிலின் ஒரு முனை பின்னால் நகரும். முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இருபுறமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். முன் ஆக்சில் நகர்ந்திருந்தால், எந்தப் பக்கம் அளவு குறைவோ அந்தப் பக்கம் வண்டி வாங்கும். பின் ஆக்சில் நகர்ந்திருந்தால் வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். நேராகப் போக ஸ்டியரிங்கைத் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கும்.

ஃபோர் வீல் போட்டபோது மட்டும் ஸ்டியரிங் கனத்து முரண்டு பிடித்தால் பயப்பட வேண்டாம். இவ்வகை வண்டிகளில் முன், பின் ஆக்சில்கள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. திரும்பும்போதோ முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் முடியாது. அங்கே ஃபோர் வீல் போடுவதே தவறு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வாங்கினால் இனி அலைன்மென்ட் கடைக்குப் போகலாம். அங்கே டோ கணக்கோடு திரும்பிவிடாதீர்கள். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு), காஸ்டர் (கிங்பின் முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) ஆகியவற்றையும் இருபுறத்துக்கும் தனித்தனியே அச்சிட்டுக் கேளுங்கள். சக்கரத்தின் மேல்பகுதி அதிகம் வெளியே சாய்ந்த பக்கமோ, கிங்பின்னின் மேல்முனை குறைவாகப் பின்சாய்ந்த பக்கமோ வண்டி வாங்கும். முழு ஆக்சில் வண்டியில் இந்த அளவுகள் இருபுறமும் வெகுவாக வேறுபட்டால் ஆக்சில் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த அலைன்மென்ட் மெஷினும் நிமிர்த்தாது.