கைக்குழந்தையோடு வெளியே கிளம்பறீங்களா? பைக் சாவியை எடுக்கும் முன் இதைப் படிங்க!

"அக்கா... ஷால்... ஷால்!"

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம், சாரல் அடிக்கும் ஒரு ஜூன் காலை. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் கத்தியதும் அத்தான் சட்டென்று பைக்கை ஓரம் கட்டினார். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் மூன்றரை மாதப் பாப்பா. பாப்பாவைச் சுற்றியிருந்த ஷாலின் நுனி பின்சக்கரத்துக்கு நாலு விரல்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அன்று தடுப்பூசி போட்டுவிட்டு வீடு திரும்பும்போது அக்கா பைக்கில் ஏறவில்லை. ஆட்டோவில் வந்தாள்.

வீட்டில் கார் இல்லை. இருப்பது ஒரே ஒரு பைக். குமரி மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். ஆஸ்பத்திரி, தடுப்பூசி, கோயிலில் சோறூட்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பிள்ளை பிறந்த முதல் வருடத்தில்தான் அலைச்சலும் அதிகம். அந்த அலைச்சலைப் பத்திரமாக முடிப்பது எப்படி?

9 மாதக் கணக்கு

இருசக்கர வாகனத்தில் குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தனி விதி கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வண்டி ஓட்டுபவரோடு குழந்தையைச் சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது.

அப்படியானால் 9 மாதத்துக்குக் கீழே? அந்த வயதுக்கு விதியில் ஹெல்மெட் சொல்லப்படவில்லை. காரணத்தை யோசித்தால் புரியும். கைக்குழந்தையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. கழுத்துத் தசைகளோ இன்னும் வலுப்பெறவில்லை. அந்தக் கழுத்து ஹெல்மெட்டின் பாரத்தைத் தாங்காது. ஹெல்மெட்டே போட முடியாது என்றால், அந்த வயதில் பைக் பயணத்துக்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று இல்லை.

இப்போது தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்ததும் ஒன்று. பிறகு 6, 10, 14 வாரங்களில். அடுத்தது 9 மாதம் முடிந்ததும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டாயம் வெளியே போகவேண்டிய நாட்கள் பெரும்பாலும் பைக்கே கூடாத வயதில்தான் வருகின்றன.

"மெதுவாத்தானே ஓட்டுறேன்" என்பது எல்லா அத்தான்களும் சொல்வது. 40 கி.மீ. வேகத்தில் போய் மோதுவது, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடி உயரம். அந்த அதிர்வில் எந்த அம்மாவின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. அது பாசக்குறைவு அல்ல. கைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

அப்பா, அம்மா, நடுவில் பாப்பா

மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே பயணிக்கலாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2023 ஜூனில் ஏஐ கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியபோது இந்தக் கேள்விதான் பெரிதாக எழுந்தது. பெற்றோருடன் மூன்றாவதாக வரும் குழந்தைக்கு விலக்கு கொடுங்கள் என்று கேரள அரசு கேட்டது. மத்திய அரசு மறுத்துவிட்டது. களியக்காவிளை தாண்டி பைக்கில் திருவனந்தபுரம் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்க முடியாத குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. ஆனால், நம் ஊர்ச் சாலையில் ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் டவுன் பஸ்.

பஸ்ஸில் எந்த சீட்?

தமிழக அரசு சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 மே மாத அறிவிப்புப்படி அரசு பஸ்களில் 5 வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் கிடையாது. ஆக, அம்மாவும் பிள்ளையும் ஒரு பைசா செலவில்லாமல் போய் வரலாம். கூட்டமும் குலுக்கலும்தான் பிரச்னை. அதற்குச் சில வழிகள்:

* முடிந்தவரை பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். வடசேரியிலோ அண்ணா பஸ் நிலையத்திலோ ஏறினால் சீட் கிடைக்கும். காலையில் பள்ளி, ஆபீஸ் நேரம் கழிந்து கிளம்பினால் கூட்டமும் குறையும்.

* முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலுள்ள சீட்டில் குலுக்கல் குறைவு. கடைசி சீட் தூக்கிப் போடும். படிக்கட்டு ஓர சீட் வேண்டவே வேண்டாம்.

* முன்சீட்டின் இரும்புக் கம்பியைக் கவனியுங்கள். சடன் பிரேக்கில் குழந்தையின் தலை போய் இடிப்பது அதில்தான். பிள்ளையின் முகம் உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி இருக்கட்டும். ஒரு கை எப்போதும் அதன் பின்னந்தலையில் இருக்கட்டும்.

* பஸ் முழுதாக நின்ற பிறகே எழுந்திருங்கள். "கைப்பிள்ளை இருக்கு, கொஞ்சம் நிறுத்துங்க" என்று முன்கூட்டியே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சமே வேண்டாம்.

குழந்தையைச் சுமக்கும் பை, அதாவது பேபி கேரியர், இருந்தால் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் கிடைக்கும். குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் அது இருக்கவேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும். சேலையோ துண்டோ வைத்துக் கட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான். தள்ளுவண்டி பெரிய மால்களுக்குச் சரி. நடைபாதையே இல்லாத நம் கடைவீதிகளில் அது கூடுதல் சுமை.

பசிக்கு அழுதால்? பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்ட் முதல் திறக்கப்பட்டன. பஸ் ஏறும் முன்பே அங்கே பால் கொடுத்துவிட்டால் ஓடும் பஸ்ஸில் திண்டாட வேண்டாம்.

ஆட்டோவில் நடு இடம்

ஆட்டோவின் பக்கவாட்டில் கதவு கிடையாது. அதனால், பிள்ளையோடு இருப்பவர் நடுவில் உட்காரவேண்டும்; கூட வருபவர் ஓரத்தில் இருக்கட்டும். தனியாகப் போனால் பையை ஓரத்தில் வைத்துவிட்டு நீங்கள் நடுவுக்கு நகர்ந்துகொள்ளுங்கள். டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் பிள்ளையோடு உட்காராதீர்கள். ஆள் நிரம்பி வழியும் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.

தெரிந்த ஆட்டோ அண்ணன் ஒருவரின் நம்பர் போனில் இருந்தால் ராத்திரி காய்ச்சல் வரும்போது கைகொடுக்கும். தெரியாத வண்டி என்றால், ஏறும் முன் வண்டி எண்ணை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

டாக்சி பிடித்தால் பின்சீட்தான். பெல்ட்டை நீங்கள் மட்டும் போடுங்கள். உங்களையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டினால், மோதும்போது உங்கள் பாரம் முழுவதும் பிள்ளை மேல் இறங்கும்.

திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு

குழந்தைக்குப் பெரிய சிகிச்சை என்றால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குப் போவது நம் பக்கத்து வழக்கம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ. அந்தத் தூரத்துக்குக் கைக்குழந்தையோடு போக ரயில் நல்லது. நாகர்கோவில் ஜங்ஷன், டவுன், இரணியல், குழித்துறை என்று வழியிலேயே ஸ்டேஷன்கள் உண்டு. 5 வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம்.

ரயில் நகரத் தொடங்கிய பின் ஓடி ஏறாதீர்கள். அடுத்த ரயில் வரும். சுடச்சுட டீ, காபி போகும் பாதை ஓரத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டாம். இரவுப் பயணத்தில் கீழ் பெர்த்தில் குழந்தை சுவர்ப்பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். பெர்த் கம்பியில் சேலைத் தொட்டில் கட்டுவதைத் தவிருங்கள். ரயில் ஒரு இழுப்பு இழுத்தால் தொட்டில் போய்க் கம்பியில் மோதும்.

மழையும் காற்றும்

நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். மழைக்கோட்டுக்குள் பிள்ளையை மூடிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். உள்ளே அதற்கு மூச்சு முட்டுகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. மழை விட்டபின் கிளம்பினால் என்ன குறைந்துவிடும்? ஆரல்வாய்மொழி பக்கம் ஜூன் முதல் அடிக்கும் காற்று பெரிய ஆட்களின் பைக்கையே ஓரம் தள்ளும். அந்த வழிக்கு எப்போதும் பஸ்தான்.

போகாமலே முடியுமா?

தடுப்பூசிக்கு டவுன் வரை வரவேண்டியதே இல்லை. தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ எப்போது போடுகிறார்கள் என்று சொல்வார். நடந்தே போய் வரலாம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது 102 தாய்–சேய் வாகனம் இலவசம். டிஸ்சார்ஜ் சொன்னதும் வார்டு நர்ஸிடம் கேளுங்கள். பிறந்த பிள்ளையின் முதல் பயணமே பைக்கில் நடக்கவேண்டாம். மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் யோசிக்காமல் 108.

பைக்தான் ஒரே வழி என்றால்...

9 மாதம் தாண்டட்டும். பிறகு ஹெல்மெட், பட்டை, 40-க்குள் வேகம். ஓட்டுபவர் ஒருவர், பிள்ளை ஒன்று, அவ்வளவுதான். கூட வருபவர் பஸ்ஸில் வரட்டும். பெட்ரோல் டேங்க் மேலும் ஸ்கூட்டரின் முன்பலகையிலும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். பின்சக்கரத்தின் சேலைத் தடுப்புக் கம்பி விதிப்படி வண்டியோடு வருவது. அழகுக்காகக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். ஷாலையும் முந்தானையையும் முடிந்துவிட்டு ஏறுங்கள்.

போன வாரம் பாப்பாவுக்கு 9 மாத ஊசி. அக்கா வடசேரியில் பஸ் ஏறினாள்; நானும் கூடப் போனேன். எங்கள் நேரம், சீட் எல்லாம் நிரம்பியிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"பிள்ளைய இங்க தா மக்களே. நீ கம்பியப் பிடிச்சு நில்லு."

அதைக் கேட்டதும், பக்கத்திலிருந்த பெண் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார். பாட்டியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பாப்பா, இறங்கவேண்டிய ஸ்டாப் வந்தபோது எங்களிடம் வர மறுத்து அழுதது.