பேக்கிங் ட்ரேயை எடை போட்டு வாங்குவது எப்படி?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டிலிருந்தபடியே நெய் பிஸ்கட், நான்கட்டாய் எல்லாம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்பது வழக்கம். அன்றைக்கு ஒரு வளைகாப்புக்கு 120 பிஸ்கட் ஆர்டர். இரண்டாவது ஈடு ஓவனுக்குள் போன கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து "டொப்" என்று ஒரு சத்தம். நான் பதறி எழுந்தேன். அக்கா அசரவே இல்லை. "அது ஒண்ணுமில்லடா, ட்ரே முறுக்கிக்கிச்சு. ஆறினா தானா சரியாயிடும்."

ட்ரே சரியாகிவிட்டது, பிஸ்கட் ஆகவில்லை. ஒரு மூலையில் இருந்ததெல்லாம் அடி கருகிவிட்டது. எதிர் மூலையில் இருந்தது வெளுத்துப்போய்க் கிடந்தது. அந்த ஈட்டில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போயிற்று.

நாலு வருஷத்தில் இது மூன்றாவது ட்ரேயாம். மூன்றுமே கறுப்பு நான்ஸ்டிக். "நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, உழைக்கிற ட்ரே எதுன்னு பாத்துச் சொல்லேன்" என்றார். அப்படி நோண்டியதன் குறிப்புகள்தான் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ட்ரே உழைப்பது பூச்சால் அல்ல, தகட்டின் கனத்தால். அந்தக் கனத்தைக் கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசு போதும்.

அந்த "டொப்" எங்கிருந்து வருகிறது?

சூடானால் உலோகம் விரியும், இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 செ.மீ. நீளமுள்ள இரும்புத் தகடு 200 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். அலுமினியம் என்றால் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. ட்ரே முழுக்க ஒரே சீராகச் சூடானால் இதனால் ஒரு பாதகமும் இல்லை, எல்லாப் பக்கமும் சேர்ந்து விரிந்துவிடும்.

நம் வீட்டு ஓ.டி.ஜி.யில் அப்படி நடப்பதில்லை. கம்பிக்கு நேராக இருக்கும் இடம் சீக்கிரம் சூடாகிறது. மாவு வைத்த இடம், குறிப்பாக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மாவாக இருந்தால், குளிர்ந்தே இருக்கிறது. விளிம்பு ஒரு சூட்டில், நடு வேறு சூட்டில். விரிய வேண்டிய பகுதியை விரியாத பகுதி இழுத்துப் பிடிக்கிறது. தகடு ஒரு கட்டம் வரை தாங்கும், அப்புறம் சட்டென்று ஒரு பக்கமாகக் குதித்து வளைந்துவிடும். அதுதான் அந்தச் சத்தம். சூடு ஆறினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு நாள் அப்படியே கோணலாக நின்றுவிடும்.

இதைத் தாங்குவதில் கனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கல்ல, 8 மடங்கு. 0.4 மி.மீ. தகட்டுக்கும் 0.8 மி.மீ. தகட்டுக்கும் கண்ணால் பார்க்க வித்தியாசம் தெரியாது. ஓவனுக்குள் தெரியும்.

பூச்சின் ஆயுள்தான் ட்ரேயின் ஆயுள்

சாதாரண நான்ஸ்டிக் ட்ரேயில் அடியில் இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. மேலே டெஃப்லான் வகைப் பூச்சு. கடையில் நாம் பார்ப்பதும் தடவுவதும் மயங்குவதும் அந்தப் பூச்சைத்தான். ஆனால் கரண்டி கீறினாலும், கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும், ட்ரே முறுக்கி முறுக்கி நிமிர்ந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். போன இடத்தில் இரும்பு வெளியே தெரியும், ஈரம் பட்டால் துரு ஏறும். அதோடு அந்த ட்ரே குப்பைக்கு. அக்காவின் முதல் இரண்டு ட்ரேக்களும் இப்படித்தான் போயின.

பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படுவோம். உரிந்த துணுக்கு ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனால் அது கரையாமல் வெளியே வந்துவிடும். ஆபத்து அதிகச் சூட்டில்தான். 260 டிகிரிக்கு மேல் டெஃப்லான் பூச்சு மெல்லச் சிதைய ஆரம்பிக்கும், இன்னும் மேலே போகப் போக நச்சுப் புகை வரும். கிளி, லவ்பேர்ட்ஸ் போன்ற வளர்ப்புப் பறவைகள் இந்தப் புகையில் செத்துப்போயிருக்கின்றன. சாதாரண பிஸ்கட்டுக்கு 160, 180 டிகிரிதான், அதில் கவலையில்லை. ஆனால் காலி ட்ரேயை மேல் கம்பிக்கு ஒட்டினாற்போல் வைத்து கிரில் பண்ணுவது மட்டும் வேண்டாம்.

இன்னொன்று: கறுப்பு ட்ரே கதிர்வீச்சுச் சூட்டை அதிகம் இழுக்கும். பளபளப்பான ட்ரேயில் சரியாக வரும் பிஸ்கட் கறுப்பு ட்ரேயில் அடி கருகுவது இதனால்தான். கறுப்பு ட்ரேதான் இருக்கிறது என்றால் சூட்டை 10 முதல் 15 டிகிரி குறைத்து வையுங்கள்.

எந்த உலோகம்?

சூட்டைக் கடத்துவதில் அலுமினியம் சாதாரண இரும்பைப்போல் மூன்று, நாலு மடங்கு. எவர்சில்வரைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால் ஓரத்தில் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் நடுவுக்குக் கொண்டுபோய்விடும். "அலுமினியம்தானே அதிகம் விரியும்னு சொன்னீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. விரிவது அதிகம்தான். ஆனால் முறுக்குவதற்குக் காரணம் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்ற வித்தியாசம். அலுமினியத்தில் அந்த வித்தியாசமே குறைவு.

எவர்சில்வர் துருப்பிடிக்காது, புளிப்புக்கும் அசையாது. ஆனால் சூடு பரவுவது மெதுவாக இருப்பதால் அங்கங்கே கருகும். அடிப்பகுதி சீராகச் சிவக்க வேண்டிய பிஸ்கட்டுக்கு அது அவ்வளவு தோதில்லை.

அலுமினியம் பூசிய இரும்பு என்று ஒன்று உண்டு. இரும்பின் உறுதி, துருவுக்கு அலுமினியக் காப்பு. நல்ல கனத்தில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

கண்ணாடி ட்ரே மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். பிஸ்கட்டுக்கு வேண்டாம். தக்காளி, தயிர், எலுமிச்சை சேர்ந்த பண்டங்களுக்கு நல்லது. வாங்கும்போது 'போரோசிலிகேட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சோடா கண்ணாடி விரிவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும், அதனால் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும் வாய்ப்பு குறைவு. எதுவானாலும் சூடான கண்ணாடியை ஈர மேடையில் வைக்காதீர்கள்.

வெறும் அலுமினியத்துக்கு ஒரு குறை உண்டு. புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதே என்று வீட்டில் சொல்லியிருப்பார்களே, அதே காரணம். புளிப்பு அலுமினியத்தோடு வினை புரியும். பட்டர் பேப்பர் விரித்துவிட்டால் பிஸ்கட், பன், வறுக்கும் காய்கறிக்கெல்லாம் இந்தப் பிரச்சினை இல்லை. ஒட்டாமல் இருக்கவும் அதே பேப்பர்தான். பூச்சு வேலையைப் பேப்பர் செய்கிறது, தேய்ந்தால் பேப்பர்தான் போகும், ட்ரே நிற்கும். ஆனால் ஓவனுக்கென்றே விற்கும் பேப்பராகப் பார்த்து வாங்குங்கள், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும். மெழுகு பூசிய பேப்பரை வைத்தால் மெழுகு உருகிப் புகையும்.

தராசுக் கணக்கு

சரி, கனத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 'ஹெவி டியூட்டி' என்று எல்லா ட்ரேயிலும் எழுதியிருக்கிறது. கேஜ் போட்டிருந்தால் நல்லது (எண் குறையக் குறைய கனம் கூடும், 18 கேஜ் என்பது ஏறக்குறைய 1 மி.மீ.). பெரும்பாலும் போடமாட்டார்கள். ஆனால் நீளம், அகலம், எடை மூன்றையும் போட்டிருப்பார்கள். அது போதும்.

அக்காவின் ட்ரேயை வைத்தே பார்ப்போம். அடி 33 × 24 செ.மீ., சுவர் உயரம் 2.5 செ.மீ.

1. அடிப்பரப்பு: 33 × 24 = 792
2. சுவர்: சுற்றளவு 114 × உயரம் 2.5 = 285
3. மொத்தம்: 1,077 சதுர செ.மீ.
4. எடையை (கிராமில்) இந்தப் பரப்பாலும் உலோகத்தின் அடர்த்தியாலும் வகுக்க வேண்டும். அடர்த்தி அலுமினியத்துக்கு 2.7, இரும்புக்கு 7.85. வருவது செ.மீ. கணக்கில் கனம். 10-ஆல் பெருக்கினால் மி.மீ.

அக்காவின் கறுப்பு ட்ரே 340 கிராம். காந்தம் ஒட்டியது, ஆகவே இரும்பு. கணக்குப் போட்டால் 0.4 மி.மீ.! அது முறுக்காமல் என்ன செய்யும், பாவம்.

பிறகு பேக்கரிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் அதே அளவில் பூச்சில்லாத அலுமினிய ட்ரே எடுத்தோம். 330 கிராம். கணக்கில் 1.1 மி.மீ. வருகிறது. உருட்டிய விளிம்பின் எடையைக் கழித்தால் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் விறைப்பைக் கணக்கிட்டால் அலுமினிய ட்ரே அந்த இரும்பு ட்ரேயைப்போல் 5 மடங்கு. பொருளாகப் பார்த்தால் இரும்புதான் மூன்று மடங்கு விறைப்பானது. ஆனாலும் கனத்தின் மும்மடிப் பெருக்கம் அதைத் தோற்கடித்துவிடுகிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆன்லைனில் சில நேரம் பெட்டியோடு சேர்த்த எடையைப் போடுவார்கள். வந்ததும் வீட்டில் நிறுத்துப் பாருங்கள், திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்போதே. இரண்டு, உலோகம் எது என்று தெரியாமல் எடையை மட்டும் நம்பாதீர்கள். காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது சிலவகை எவர்சில்வர். ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது வேறுவகை எவர்சில்வர். இந்த இரண்டையும் கையில் தூக்கினாலே பிரித்துவிடலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

• அலுமினியம் என்றால் 0.8 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 1 மி.மீ. இரும்பு வகை என்றால் 0.6-க்கு மேல், 0.8 இருந்தால் உத்தமம்.

• விளிம்பு உருட்டியிருக்க வேண்டும், உள்ளே கம்பி வைத்திருந்தால் இன்னும் நல்லது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். காகிதம் மாதிரி நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

• வாங்கப் போகும் முன் ஓவனின் உள் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் சூடான காற்று சுற்றாது. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 'ஹாஃப் ஷீட்' 46 × 33 செ.மீ., நம் ஓ.டி.ஜி.க்கள் பலவற்றில் நுழையவே நுழையாது. அதில் பாதியான 'குவார்ட்டர் ஷீட்'தான் நமக்குச் சரி.

வாங்கிய பிறகு

சூடான ட்ரேயைக் குழாயடியில் காட்டாதீர்கள், எந்தத் தகடும் முறுக்கும். வெறும் அலுமினியத்தை டிஷ்வாஷரில் போட்டால் அதன் காரத்தில் கறுத்துப்போகும். சலவைச் சோடாவும் ஆகாது. சாதாரண சோப்பும் நாரும் போதும். நாளடைவில் எண்ணெய் படிந்து பழுப்பு ஏறும். அது அழுக்கு இல்லை, உலர்ந்து கெட்டியான எண்ணெய். அதைச் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

புது ட்ரேயில் அக்கா இதுவரை பத்து ஈடு போட்டாயிற்று, சத்தமே இல்லை. பிஸ்கட் முன்னைவிட இரண்டு நிமிஷம் கூட எடுக்கிறது, ஆனால் நாலு மூலையும் ஒரே நிறம். என் கணக்கையெல்லாம் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "பாத்திரக் கடையில நாங்க எப்பவும் நிறுத்துத்தானடா வாங்குவோம்" என்று சொல்லிவிட்டு, ஆறிய பிஸ்கட்டை டப்பாவில் அடுக்கப் போய்விட்டார்.