ஒளி வடிக்கும் சிற்றாடிகள்

ஆடி என்றவுடன் சங்கரன்கோவில்காரர்களுக்குத் தபசுதான் நினைவுக்கு வரும். அது மாதத்தின் பெயர். நான் எழுதப் புகுந்தது வேறோர் ஆடியைப் பற்றி. முகம் பார்க்கும் கண்ணாடியை நம் இயற்பியல் பாடநூல் ஆடி என்றே குறிப்பிடுகிறது. மணல் துகளைவிடச் சிறிய ஆடிகளைச் செய்து, அவற்றை மின்சாரத்தால் நகர்த்தியும் சாய்த்தும், ஒரே கண்ணாடி இழையில் கலந்து வரும் பல செய்திகளுள் வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்பதைக் கலைப்பிரிவுத் தோழர்களும் பின்தொடரும் வகையில் சொல்ல முயல்கிறேன். தேர்வுக்காக நாங்கள் மனப்பாடம் செய்யும் ஒரு வரிச் சமன்பாடுதான் இந்த வேலை முழுவதையும் தாங்கி நிற்கிறது என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

ஓர் இழை, பல நிறங்கள்

தொலைபேசிப் பேச்சும் படமும் வங்கிக் கணக்கும் இன்று ஒளியாக மாறிக் கண்ணாடி இழை வழியே பயணம் செய்கின்றன. தூய கண்ணாடியில் ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவ் எடுத்துக் காட்டினார். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையின் வெளிவிட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் உட்பகுதியோ 9 மைக்ரான் அளவே. இவ்விழையில் 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்ற பிறகே பாதியாகக் குறைகிறது. இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

இழை விலை குறைந்த பொருள். பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பதில்தான் பெருஞ்செலவு. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்க 'டான்பிநெட்' என்னும் அரசு நிறுவனம் திட்டமிட்டது. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. இப்படி மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் ஒருமுறை போட்ட இழையில், தேவை பெருகும்போதெல்லாம் மறுபடி தோண்டாமல் கூடுதல் செய்தியை அனுப்புவது எப்படி?

விடை எளிது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அலைநீளம் கொடுத்துவிட்டால், ஒரே இழையில் பல செய்திகள் ஒன்றோடொன்று மோதாமல் செல்லும். ஒளியைப் பொறுத்தவரை அலைநீளம் என்பது நிறம். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமாகப் பயன்படுவது 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையுள்ள பகுதி. அதில் 0.8 நானோமீட்டருக்கு ஒன்றாக அடுக்கினால் நாற்பதுக்கு மேற்பட்ட நிறங்கள் அடங்கும்.

நீண்ட வழியில் ஒளி மெலியுமல்லவா? 1987-இல் எர்பியம் என்னும் தனிமம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் வழி கண்டறியப்பட்டது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட விளைவைக் கொண்டும் இழைக்குள் ஒளியைப் பெருக்குகிறார்கள். பெருக்கி எல்லா நிறங்களையும் சேர்த்தே பெருக்கும். இன்ன நிறம் இன்னாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலையன்று. அதற்குத்தான் வடிகட்டி வேண்டும். அதுவும் இன்று ஒரு நிறத்தையும் நாளை வேறொரு நிறத்தையும் எடுக்கும்படி மாற்றியமைக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டு ஆடிகளின் கதை

பிரான்சு நாட்டின் சார்லஸ் பாப்ரி, ஆல்பிரட் பெரோ என்ற இருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கருவி செய்தனர். இரண்டு சமதள ஆடிகள் சிறிது இடைவெளி விட்டு ஒன்றையொன்று பார்த்து நிற்கும், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆடியும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 99 பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுவதாகக் கொள்வோம். முதல் ஆடி நூற்றில் ஒன்றை விடுகிறது. இரண்டாவது ஆடி அந்த ஒன்றில் நூற்றில் ஒன்றை விடுகிறது. அப்படியானால் பதினாயிரத்தில் ஒரு பங்குதானே வெளியே வரும் என்று தோன்றும். உண்மையில் குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டும் ஏறக்குறைய முழுமையாக வெளியே வருகிறது!

இந்த விந்தையை ஊஞ்சல் விளக்கும். சிறு குழந்தை தள்ளினாலும், ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் தள்ளினால் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். நேரம் தவறித் தள்ளினால் ஒரு தள்ளு மறு தள்ளைக் கெடுக்கும். ஆடிகளுக்கிடையே ஒளி போய்த் திரும்பும் தொலைவு, இடைவெளியைப் போல் இருமடங்கு. அத்தொலைவில் முழு எண்ணிக்கையான அலைகள் சரியாக அடங்கினால், திரும்பி வந்த அலை புதிதாக நுழையும் அலையோடு ஒத்திசைந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும். உள்ளே ஒளி பெருகிப் பெருகி, வெளியில் விழும் ஒளியைப் போல் ஏறத்தாழ நூறு மடங்காகிறது. நூறு மடங்கில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தால், அது வந்த ஒளி முழுவதுக்கும் சமம் அல்லவா? ஒத்திசையாத நிறங்களோ உள்ளே வளர வழியின்றி வந்த திசையிலேயே திரும்பிவிடுகின்றன.

இதையே 2d = mλ என்று எழுதுகிறோம். d என்பது இடைவெளி. Λ என்பது அலைநீளம். M என்பது முழு எண். நம் ஊருக்குத் தபசு எப்படியோ, இந்தக் கருவிக்கு இந்தச் சமன்பாடு அப்படி.

எட்டு நானோமீட்டர் நகர்ந்தால்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இடைவெளி 15.5 மைக்ரான் என்க. இருமடங்கு 31 மைக்ரான். அதில் 1.55 மைக்ரான் அலைகள் சரியாக 20 அடங்கும். ஆகவே 1550 நானோமீட்டர் நிறம் வெளியேறும். 19 அலைகள் அடங்கும் நிறம் 1632 நானோமீட்டர். 21 அலைகள் அடங்கும் நிறம் 1476 நானோமீட்டர். இவ்விரண்டும் நம் 1530–1565 எல்லைக்கு வெளியே இருப்பதால், அந்த எல்லைக்குள் ஒரே ஒரு நிறத்துக்குத்தான் வழி.

அடுத்த செய்தி 0.8 நானோமீட்டர் தள்ளியிருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் ஆடியை எவ்வளவு நகர்த்த வேண்டும்? சமன்பாட்டின்படி 8 நானோமீட்டர் போதும். சிலிக்கான் படிகத்தின் ஓர் அலகுக்கூடு 0.543 நானோமீட்டர், எனவே இது 15 அலகுக்கூடுகளின் நீளம். முதல் நிறத்திலிருந்து கடைசி நிறம் வரை செல்ல மொத்தம் 350 நானோமீட்டர் நகர்ந்தால் ஆயிற்று. தலைமயிரின் பருமனில் அது இருநூற்றில் ஒரு பங்கு அளவே.

ஆடியின் தரம் குறைந்தால் என்னாகும்? நூற்றுக்கு 99 பங்கு திருப்பும் ஆடிகளானால், மேற்சொன்ன கருவி விடும் நிறத்தின் அகலம் 0.25 நானோமீட்டர். ஒரு செய்தி மட்டும் தெளிவாக வரும். 90 பங்கு மட்டும் திருப்பும் ஆடிகளானால் அகலம் 2.6 நானோமீட்டர் ஆகிவிடும். அப்போது மூன்று பேரின் செய்திகள் ஒன்றாகக் கலந்து வரும். அதனால் வெள்ளி பூசிய சாதாரணக் கண்ணாடி இங்கே உதவாது. உலோகம் ஒளியில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். கால் அலைநீளப் பருமனில் இருவகைப் பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கி இந்த ஆடிகளைச் செய்கிறார்கள்.

இதை மெய்ப்பித்த முயற்சிகளுள் ஒன்றில் நம் மாநிலத்தில் படித்த ஒருவருக்குப் பங்கு உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 'ரெயின்போ', அதாவது வானவில், என்ற பெயரில் 32 நிலையங்களை இணைக்கும் ஒளி வலையமைப்பை உருவாக்கி 1991-இல் ஜெனீவாவில் காட்டியது. ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய நிறத்தில் பேசும். கேட்பவர் தம் பாப்ரி–பெரோ வடிகட்டியின் இடைவெளியை மாற்றி வேண்டியவரின் நிறத்தைப் பிடித்துக்கொள்வார். அதில் ஆடியை நகர்த்தியது, மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் படிகப் பொருள். அந்த வலையமைப்பு பற்றி 1993-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் ராஜீவ் ராமசாமி. இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர். அதே கழகத்தில் பயின்ற குமார் சிவராஜனும் இவரும் சேர்ந்து 1998-இல் ஒளி வலையமைப்புகள் பற்றி எழுதிய நூல் பல நாடுகளில் பாடநூலாயிற்று. சிவராஜன் 2000-இல் பெங்களூரில் தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மூவருள் ஒருவர்.

சிறிதாக்கியது ஏன்?

பின்னர் இவ்வாடிகளைக் கணிப்பொறிச் சில்லு செய்யும் முறையிலேயே சிலிக்கானில் செதுக்கத் தொடங்கினர். மெல்லிய சிலிக்கான் கைகளில் ஓர் ஆடி தொங்கும். கீழே ஒரு மின்தகடு. இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்க, ஆடி கீழிறங்கும். அழுத்தத்தை நீக்கினால் கைகளின் மீள்திறன் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஆடிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி இறங்கினால், இழுவிசை மீள்விசையை வென்றுவிடும். ஆடி தகட்டில் 'டப்'பென்று ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியதோ 350 நானோமீட்டர் தானே. அஞ்ச வேண்டியதில்லை.

சிறியதாக இருப்பதால் வேறு நன்மைகளும் உண்டு. எடை குறைவாதலால் விரைந்து அசையும். சாலை அதிர்வு அதை எளிதில் ஆட்டாது. வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் 10 டிகிரி ஏறுவது பெரிய செய்தியன்று. இடைவெளியைத் தாங்கும் சட்டம் அலுமினியமாக இருந்தால் அந்த 10 டிகிரியில் நிறம் 0.36 நானோமீட்டர் நழுவும். பக்கத்துச் செய்தியை நோக்கிப் பாதி வழி போய்விடும்! சிலிக்கானாக இருந்தால் நழுவுவது 0.04 மட்டுமே.

சாயும் ஆடிகள்

நகரும் ஆடியன்றிச் சாயும் ஆடியும் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் ஒரு சில்லின்மேல் சாயும் ஆடிகளை வரிசை வரிசையாக நிறுத்தும் முறையைக் கண்டார். பல திரையரங்குகளின் டிஜிட்டல் படக்கருவிகளில் படத்தைத் திரையில் வரைபவை இவ்வகை ஆடிகளே.

ஒளித்தொடர்பில் இவற்றின் வேலை இது: இழையிலிருந்து வரும் ஒளியை நம் ஆய்வுக்கூடத்தில் உள்ளது போன்ற கீற்றணி ஒன்று நிறம் நிறமாக விரிக்கும். ஒவ்வொரு நிறமும் தனக்கென நிற்கும் ஓர் ஆடியின்மேல் விழும். ஆடி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த நிறம் மேற்கொண்டு பயணம் செய்யும். மறுபக்கம் சாய்ந்தால் அவ்வூரிலேயே இறங்கிவிடும். பெருவழிப் பேருந்தில் இடையில் இறங்குவோர் இறங்க, மற்றவர் இருக்கையைவிட்டு எழாமல் மேலே செல்வது போன்றது இது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த போர்டு முதலியோர் 16 நிறங்களை இவ்வாறு பிரித்து 1999-இல் கட்டுரை வெளியிட்டனர். அதே கூடத்தில், பெருக்கி சில நிறங்களை மிகுதியாகவும் சிலவற்றைக் குறைவாகவும் பெருக்கும் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யவும் நுண்ணிய அசையும் பரப்புகளைப் பயன்படுத்தினர்.

ஆடிகளுக்குப் போட்டியும் உண்டு. நிறங்களைத் திசைதிருப்பும் இவ்வேலையை அசையும் பகுதியே இல்லாத திரவப் படிகச் சில்லுகளும் செய்கின்றன. எனினும் ஆடிகள் ஓய்ந்துவிடவில்லை. தன் கணிப்பொறி நிலையங்களில் ஒளியைத் திசைமாற்ற நுண்ணாடிகள் கொண்ட கருவிகளைப் பயன்படுத்துவதாகக் கூகுள் நிறுவனம் 2022-இல் ஆய்வுக் கட்டுரைகள் வழியே தெரிவித்தது.

நமக்கு இதில் என்ன?

இவையெல்லாம் பெரிய ஆய்வுக்கூடங்களின் வேலை, நமக்கேன் என்று சில தோழர்கள் கேட்கலாம். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை நிறமாலைமானியில் பார்த்தவர்களை நான் கேட்கிறேன்: அந்தக் கோடு ஒன்றா, இரண்டா? அது 589.0, 589.6 என்ற இரு கோடுகள். இடையே உள்ள வேறுபாடு 0.6 நானோமீட்டர். ஓர் இழைக்குள் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் உள்ள 0.8 நானோமீட்டர் இடைவெளியைவிட அது சற்றுக் குறைவு. கீற்றணியைச் சரியாக நிறுத்தி, பிளவைச் சுருக்கி, கண் வலிக்க அந்த இரு கோடுகளையும் பிரித்துக் கண்ட மாணவன், ஒளித்தொடர்புப் பொறியாளனின் சிக்கலைத் தன் கண்ணாலேயே கண்டவன் ஆகிறான்.

இராமன் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை 1906-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 18. அவரும் ஓர் அரசுக் கல்லூரியின் மாணவரே. சென்னை மாநிலக் கல்லூரியில் ஒளியின் விளிம்பு விளைவைக் கண்டு எழுதினார். எனவே, பதிவேட்டில் விடை சரியாக வர வேண்டும் என்பதற்காக வெர்னியர் அளவை முன்பின்னாக எழுதும் பழக்கத்தை நாம் விட்டுவிடுவோம். கடைசி இலக்கம் வரை கண்டதைக் கண்டபடி எழுதுவோம். எட்டு நானோமீட்டர் தவறினால் ஒருவர் செய்தி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும் உலகத்துக்குத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.