கூட்டத்தை அளந்த காமிரா

வெப்பநிலையை அளக்க வெப்பமானி இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டர் இருக்கிறது. ஓர் இடம் மக்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

"அவர்களையே கேட்டால் போயிற்று!" என்று நீங்கள் சொல்லலாம். கேட்கலாம்தான். ஆனால் நாம் சொல்வதும் செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டமே பிடிக்காது என்று சொல்பவர், நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய் உட்காருவார். ஆகவே சமூக அறிவியலாளர்கள் காதோடு கண்ணையும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கண்ணுக்குத் துணையாக வந்ததுதான் காமிரா.

வெறிச்சோடிய சதுக்கங்கள்

1961ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் ஒரு விதி செய்தது. உயர்ந்த கட்டடம் கட்டுபவர், அதன் முன்னால் பொதுமக்களுக்காகத் திறந்த சதுக்கம் ஒன்றை விட்டால், அதன் ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 சதுர அடி தளப்பரப்பைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டுபவர்களுக்கு நல்ல லாபம். சதுக்கங்கள் பெருகின. ஆனால் சிலவற்றில்தான் கூட்டம் நிறைந்தது. மற்றவை வெறிச்சோடிக் கிடந்தன. நகரம் இவ்வளவு சலுகை கொடுத்தும் மக்களுக்குக் கிடைத்தது வெறும் கல்தரைதானா?

1970களின் தொடக்கத்தில் வில்லியம் ஒயிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை தேடினார்கள். சதுக்கங்களைப் பார்க்கும்படி காமிராக்களை வைத்து, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் படம் எடுத்தார்கள்.

இதன் பயன் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 360 படங்கள் சேரும். அவற்றை விநாடிக்கு 18 படம் வீதம் ஓட்டினால் 20 விநாடியில் முடிந்துவிடும். 12 மணி நேரப் பகல் 4 நிமிடத்தில் கண்முன் ஓடும்! யார் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, மறுபடியும் எண்ணலாம்.

பொய்த்துப்போன ஊகம்

வெயிலே முக்கியக் காரணம் என்று ஒயிட் முதலில் நினைத்தார். குளிர் நாடல்லவா? மே மாதப் படங்களும் அதற்கு ஒத்து வந்தன. வெயில் நகர நகர, மக்களும் அதோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் கோடை முற்றியதும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. மே மாதத்தோடு காமிராவை மூட்டை கட்டியிருந்தால் தவறான முடிவே மிஞ்சியிருக்கும்!

சதுக்கத்தின் அளவையும் வடிவத்தையும் ஒப்பிட்டார்கள். அவையும் முழு விடை தரவில்லை. கடைசியில் கிடைத்த விடை மிக எளிது: உட்கார இடம் இருக்கும் சதுக்கத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள்! இது யாருக்கும் தெரிந்ததுதானே என்று சிரிக்காதீர்கள். கட்டடம் வரைந்தவர்கள் அதைத்தான் மறந்திருந்தார்கள். 1975இல் நகரம் விதியைத் திருத்தியது. 30 சதுர அடி சதுக்கத்துக்கு 1 அடி நீள இருக்கை கட்டாயமாயிற்று.

டிஜிட்டல் யுகத்தில்

செல்பேசி வந்தபின், "பொது இடத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, எல்லோரும் செல்பேசியையே பார்க்கிறார்கள்" என்ற குறை எழுந்தது. இது உண்மையா? கீத் ஹாம்ப்டன் என்ற சமூகவியலாளர் ஒயிட் காலத்துப் பழைய படங்களைத் தேடி எடுத்தார். 2008 முதல் 2010 வரை அதே இடங்களை மறுபடியும் படம் பிடித்தார். பழையது, புதியது இரண்டையும் 15 விநாடிக்கு ஒரு முறை நிறுத்தி, அதில் தெரிந்தவர்களைக் குழுவினர் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 1,43,593 பேர்!

முடிவு என்ன? செல்பேசியில் ஈடுபட்டிருந்தவர்கள், நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகப் படிக்கட்டில் 3 விழுக்காடு. பிரையண்ட் பூங்காவின் ஒரு மூலையில் 10 விழுக்காடு. அவர்களிலும் பெரும்பாலோர் தனியாக வந்தவர்கள். எல்லோரும் நம்பியதை எண்ணிக்கை ஏற்கவில்லை. ஆனால் இது அந்த ஆண்டுகளின் நிலவரம். இன்றைய நிலையை அறிய மறுபடியும் எண்ணத்தான் வேண்டும்.

காமிராவுக்கும் எல்லை உண்டு. ஒருவர் என்ன செய்கிறார் என்பதை அது காட்டும். ஏன் செய்கிறார் என்பதைக் காட்டாது. அதற்குக் கேட்டறிவதே வழி. எதை எண்ணுவது என்பதையும் மனிதரே முடிவு செய்ய வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணினாலும் ஒரே விடை வருகிறதா என்று சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவர்கள் மனிதர்கள். அவர்கள் முகத்தை ஊருக்குக் காட்டும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

காமிரா இல்லாமலே தொடங்கலாம். பள்ளி வளாகத்தின் வரைபடம் ஒன்றை வரையுங்கள். ஆசிரியரின் அனுமதியோடு, உணவு இடைவேளையில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, யார் என்று எழுதாமல், ஆள் இருக்கும் இடத்தில் புள்ளி மட்டும் வையுங்கள். எண்ணத் தொடங்குமுன் உங்கள் ஊகத்தை எழுதி மடித்து வையுங்கள். வெயில் நாளிலும் மழை நாளிலும் எண்ணியபின் பிரித்துப் பாருங்கள். ஊகம் பொய்த்தால் வருந்த வேண்டாம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்!