விசையும் விழிப்பும்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை ஆங்கிலம்)

தட்டச்சுப் பொறியில் ஒரு பிழை நேர்ந்தால் தாளை உருவி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். விம்கோ நகரில் தட்டச்சுப் பயின்று, அரசுத் தேர்வில் ஹையர் தேறிய என் அத்தை இதை அடிக்கடி சொல்வார். "அந்தப் பயம் இருந்ததால்தான் படித்துப் பார்த்துப் பார்த்து அடித்தோம்" என்பார். கணினியில் அந்தப் பயம் இல்லை. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு வரி மறையும். வேறிரண்டை அழுத்தினால் மறைந்த வரி திரும்பும். இவற்றையே குறுக்குவிசைகள் என்கிறோம். மொழிபெயர்ப்பாளருக்கு இவை எங்கே உதவுகின்றன, எங்கே இடறச் செய்கின்றன என்று காண்போம்.

தோற்றம்

வெட்டி ஒட்டும் முறையை 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினர். 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கு விசைகள் இப்பணிகளுக்கு அமைந்தன. கீழ்வரிசையில் அடுத்தடுத்து உள்ள இவற்றை இடக்கை எளிதில் எட்டும். தமிழுக்கு 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் உள்ளன. அதில் தமிழை அடிக்கும்போதும் கன்ட்ரோலை அழுத்தினால் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் இடமே கணக்கு.

மொழிபெயர்ப்பு மென்பொருள்

நான் பழகுவது ஒமேகா-டி என்னும் இலவச மென்பொருள். அது மூலத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துத் தரும். முன்பு மொழிபெயர்த்தவற்றை நினைவில் வைத்திருந்து, ஒத்த வாக்கியம் வந்தால் எத்தனை விழுக்காடு ஒப்புமை என்று பக்கத்தில் காட்டும். கன்ட்ரோலுடன் ஆர் அழுத்தினால் அந்தப் பழைய மொழிபெயர்ப்பு அப்படியே வந்து அமரும். ஐ அழுத்தினால் சுட்டி நிற்கும் இடத்தில் செருகப்படும். யு அழுத்தினால் இன்னும் மொழிபெயர்க்கப்படாத அடுத்த வாக்கியத்துக்குச் செல்லும். கை விசைப்பலகையை விட்டு அகலவே வேண்டாம்.

நான் கற்ற பாடம்

ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணி செய்யும் என் மாமா, பம்பு இயக்கும் விதிகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தரச் சொன்னார். "பம்பை இயக்கும் முன் சக்‌ஷன் வால்வைத் திறக்கவும்" என்று ஒரு வாக்கியம் முடித்தேன். அடுத்த வாக்கியம் ஏறத்தாழ அதுபோலவே இருந்தது. கன்ட்ரோல், ஆர். 'சக்‌ஷன்' என்பதை 'டெலிவரி' என்று மாற்றினேன். எண்டரைத் தட்டி முன்னேறினேன்.

மாமா தாளை உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

"டேய், டெலிவரி வால்வை மூடிட்டுத்தானேடா மோட்டாரைப் போடுவோம்? நீ தொறக்கச் சொல்றியே!"

மூலத்தில் 'மூடவும்' என்றே இருந்தது. மையவிலக்குப் பம்பை டெலிவரி வால்வு திறந்தபடி இயக்கினால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். இரண்டு வாக்கியங்களுக்கும் ஒப்புமை அதிகம். பொருளோ நேர் எதிர். கணினி எழுத்துகளை ஒப்பிட்டதேயன்றிப் பொருளை ஒப்பிடவில்லை. அந்த வேலை என்னுடையது. அதை நான் செய்யவில்லை.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை நம் பகுதியினர் மறக்கவில்லை. அதற்கும் மொழிபெயர்ப்புக்கும் தொடர்பில்லை. ஆயினும் வால்வுகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே வாழும் நமக்கு 'திற', 'மூடு' என்பவை வெறும் சொற்கள் அல்ல.

தமிழுக்கே உரிய இடர்கள்

'அடை' என்னும் சொல்லை எங்கும் 'மூடு' என மாற்றக் கட்டளையிட்டால் 'அடையாள அட்டை'யும் 'மூடுயாள அட்டை' ஆகிவிடும். நம் சொற்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்பவை. ஆகவே ஒவ்வோர் இடமாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

'கி' நம் கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிகோடில் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. அதனால் பேக்ஸ்பேஸ் பல மென்பொருள்களில் குறியை மட்டும் நீக்கி 'க'வை விட்டுவிடும். 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகவும் அடிக்கலாம். பார்வைக்கு வேறுபாடு இராது. ஆனால் தேடும்போது ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமற் போகலாம்.

முடிவுரை

குறுக்குவிசைகளைக் கற்பது ஒரு வாரப் பயிற்சி. நண்பர்கள் அனைவரும் கற்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அவை மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு பகுதியை மூலத்தோடு ஒப்பிட்டு மீண்டும் படிக்கச் செலவிடுவோம். முடிந்தால், அதைப் பயன்படுத்தப் போகிறவரையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்போம். என் மாமாவுக்குக் குறுக்குவிசை ஒன்றும் தெரியாது. பிழையைக் கண்டவர் அவர்தான்.